எக்செல் முதல் போஸ்ட்கிரெஸ் வரை: புதிய பதிப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைகள், பள்ளிகள், சிறு தொழிற்சாலைகள் எனப் பல இடங்களில் எக்செல், டேட்டாபேஸ், ரிப்போர்ட் வேலைகளைக் கவனித்துக் கொடுப்பது என் தொழில். இடம் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து, பதிலையும் எழுதியிருக்கிறேன்.

புதிய பதிப்பு வந்ததும் எல்லோரும் பார்ப்பது என்ன வசதி சேர்ந்திருக்கிறது என்பதை. நான் முதலில் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்கள்: பழைய பதிப்புக்கு ஆதரவு என்றைக்கு முடிகிறது, நாம் எதையும் தொடாமலேயே எந்த செட்டிங் மாறியிருக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலையில் வேலை நின்றுபோனால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

1. எங்க ஆபீஸ்ல இன்னும் எக்செல் 2016 தான். இனிமே ஓடாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

ஓடும். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்காக மறுநாள் எக்செல் திறக்காமல் போவதில்லை. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" சின்ன விஷயம் இல்லை. வெளியிலிருந்து மெயிலில் வரும் ஃபைல்களைத் தினமும் திறக்கிற கணினி என்றால் புதிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டாலும் அதை அடைக்க யாரும் வரப்போவதில்லை.

விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவும் அதே நாளில்தான் முடிந்தது. அதனால் பல அலுவலகங்களுக்கு இது கணினியையே மாற்றுகிற கேள்வியாகிவிட்டது. ஒரேயடியாக மாற்ற முடியாவிட்டால், மெயில் பார்க்கிற கணினியையும் வங்கி வேலை நடக்கிற கணினியையும் முதலில் மாற்றுங்கள். நெட் இணைப்பே இல்லாமல் பில் மட்டும் போடுகிற கணினி கடைசியாக மாறினால் போதும்.

2. வருஷா வருஷம் பணம் கட்டுற 365 வாங்கணுமா, ஒரே தடவை வாங்குற 2024 போதுமா?

ஆபீஸ் 2024 ஒருமுறை பணம் கொடுத்து வாங்குவது. 2024 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது, ஆதரவு 2029 அக்டோபர் 9 வரை. வாங்கிய நாளில் என்ன வசதி இருந்ததோ அதுதான் கடைசி வரை, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். 365-இல் மாதாமாதம் ஏதாவது சேரும், மாறும். தினமும் ஒரே பத்து ஃபைல்களோடு வேலை செய்கிற அலுவலகத்துக்கு இந்த மாறாத தன்மை நல்லதுதான். அவர்களுக்கு 2024 போதும் என்றே சொல்வேன்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஹோம், ஹோம் அண்ட் பிசினஸ் பதிப்புகளில் ஆக்சஸ் (மைக்ரோசாஃப்ட்டின் சிறு டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) கிடையாது, அதைத் தனியாக வாங்க வேண்டும். அப்புறம், விலை குறைவாக இருக்கிறதே என்று ஆபீஸ் 2021-க்குப் போகாதீர்கள். அதன் ஆதரவு 2026 அக்டோபர் 13 வரைதான்.

3. நல்லா ஓடுற விலுக்அப்பை எதுக்கு எக்ஸ்லுக்அப்பா மாத்தணும்?

இரண்டுமே ஒரு பட்டியலில் தேடி, அதற்குரிய விலை போன்ற விவரத்தை எடுத்துத் தரும் ஃபார்முலாக்கள். ஓடுகிற ஃபைலைத் தேடிப்பிடித்து மாற்ற வேண்டியதில்லை. புதிதாக எழுதும்போது எக்ஸ்லுக்அப் போடுங்கள். நான் சொல்கிற முக்கியக் காரணம், இரண்டுக்கும் இயல்பு அமைப்பு வேறு. விலுக்அப்பில் நான்காவது இடத்தில் ஒன்றும் கொடுக்காமல் விட்டால் அது "ஏறக்குறையப் பொருந்துவதை" எடுக்கும். ஒரு ஜவுளிக்கடை விலைப்பட்டியலில் 4017 என்ற சரக்குக் குறியீடு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விலுக்அப் பிழை காட்டாது. 4016-இன் விலையைச் சத்தமில்லாமல் எடுத்து பில்லில் போட்டுவிடும். பட்டியல் வரிசையாக இல்லையென்றால் இன்னும் மோசம். எக்ஸ்லுக்அப் சொல்லாமலேயே சரியாகப் பொருந்துவதை மட்டும் தேடும், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடும்.

இன்னொன்று, விலுக்அப்பில் "நான்காவது நெடுவரிசை" என்று எண் கொடுக்கிறோம். நடுவில் யாராவது ஒரு நெடுவரிசையைச் சேர்த்தால் விலைக்குப் பதில் வரி விகிதம் வந்து நிற்கும். எக்ஸ்லுக்அப்பில் நெடுவரிசையையே சுட்டுவதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இது எக்செல் 2021, 2024, 365-இல்தான் உண்டு. 2016, 2019 வைத்திருப்பவருக்கு அனுப்பினால், அவர் ஃபார்முலாவைத் தொட்ட கணத்தில் பெயர்ப் பிழை வரும். ஃபைல் யாரிடம் போகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

4. திடீர்னு "ஸ்பில்"னு ஒரு பிழை வருது, பழைய ஃபார்முலாவுக்கு முன்னாடி @ குறி வந்து உட்காந்திருக்கு. வைரஸா?

வைரஸ் இல்லை. 2018-இல் அறிவித்த ஒரு பெரிய மாற்றத்தின் அடையாளம் இது. முன்பெல்லாம் ஒரு ஃபார்முலாவுக்கு ஒரு செல்லில் ஒரு விடை. இப்போது ஃபில்டர் (வடிகட்ட), சார்ட் (வரிசைப்படுத்த), யுனீக் (திரும்ப வருவதை நீக்க) போன்ற ஃபங்ஷன்கள் ஒரே ஃபார்முலாவில் இருபது விடைகளைத் தந்து, கீழே உள்ள செல்களில் வழிந்து நிரம்பும். வழிகிற இடத்தில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் ஸ்பில் பிழை வரும். அந்த இடத்தைக் காலி செய்தால் சரியாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்று இடைவெளி எழுத்து இருந்தாலும் தடுக்கும், அதனால் "காலியாத்தானே இருக்கு" என்று தோன்றினாலும் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுத்துப் பாருங்கள்.

@ குறி, "பழைய வழக்கப்படி ஒரே விடை போதும்" என்று எக்செல் தானாகப் போட்டுக்கொள்வது. பழைய ஃபைலின் விடை மாறிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அப்படியே விட்டுவிடுங்கள்.

5. பணமே கொடுக்காம லிப்ரே ஆபீஸ்ல இதெல்லாம் வருமா?

இப்போது பெரும்பாலும் வரும். 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பில் எக்ஸ்லுக்அப், ஃபில்டர், சார்ட், யுனீக், லெட் எல்லாம் சேர்ந்தன. பதிப்பு எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2024 முதல் ஆண்டும் மாதமுமே எண்: 24.8 என்றால் 2024-ஆம் ஆண்டு எட்டாம் மாதம். அதற்கு முந்தைய 7-ஆம் வரிசைப் பதிப்பு வைத்துக்கொண்டு "எக்ஸ்லுக்அப் வேலை செய்யவில்லை" என்பவர்கள்தான் அதிகம்.

விண்டோஸ் 7, 8 கணினிகளில் 25.8 முதல் ஓடாது. மேக்ரோ (ஃபைலுக்குள் எழுதி வைத்த சிறு நிரல்) நிறைய உள்ள ஃபைல்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. சாதாரணக் கணக்கு, மதிப்பெண் பட்டியல், சம்பளப் பட்டியல் இவற்றுக்குத் தாராளமாகப் போதும். தமிழ் மெனுவும் உண்டு.

6. கூகுள் ஷீட்ஸ்ல எவ்வளவு டேட்டா போடலாம்?

ஒரு ஃபைலுக்கு ஒரு கோடி செல்கள். வரிசைகளை எண்ணாதீர்கள், செல்களை எண்ணுங்கள்: 20 நெடுவரிசை இருந்தால் 5 லட்சம் வரிசையிலேயே எல்லை வந்துவிடும். அதற்கு வெகு முன்பே ஃபைல் மெதுவாகிவிடும். 2024-இல் டேபிள் வசதி வந்தது, ஒரு நெடுவரிசையில் தேதி மட்டும், எண் மட்டும் என்று வகை குறிக்கலாம். பலர் சேர்ந்து நிரப்புகிற படிவங்களுக்கு அது நல்ல உதவி.

7. பேங்க் கணக்கு நம்பர், ஆதார் நம்பர் எல்லாம் எக்செல்ல போட்டா மாறிடுதே. புது பதிப்புல சரி பண்ணிட்டாங்களா?

பாதி சரி செய்திருக்கிறார்கள். முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம், மூன்று வேறு சிக்கல்கள் இதில் கலந்திருக்கின்றன. ஒன்று, 00123 என்று அடித்தால் 123 ஆகும், முன்னால் இருந்த பூஜ்யங்கள் போய்விடும். இரண்டு, 12 இலக்க எண்ணை அடித்தால் 1.23457ஈ+11 என்று காட்டும். இதில் எண் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது, காட்டும் விதம்தான் வேறு. ஆனால் அந்த நிலையிலேயே சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) ஃபைலாகச் சேமித்தால், திரையில் தெரிவதுதான் ஃபைலுக்குள் போகும், உண்மையான எண் தொலைந்துவிடும். மூன்று, எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். 16 இலக்க அட்டை எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். பிறகு எந்த வழியிலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

இந்தத் தானியங்கி மாற்றம் உலகம் முழுக்கத் தொல்லை கொடுத்தது. மார்ச்1, செப்ட்1 என்ற ஜீன் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020-இல் அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றியே விட்டது. மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் இதை நிறுத்தும் செட்டிங்கைக் கொடுத்தது. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் "தானியங்கி டேட்டா மாற்றம்" என்ற பகுதி இருக்கும். முன்னால் உள்ள பூஜ்யத்தை நீக்குவது, நீள எண்ணைச் சுருக்குவது, 12ஈ5 போன்ற சரக்குக் குறியீட்டை எண்ணாக்குவது, எழுத்தும் எண்ணும் ஒட்டியிருந்தால் தேதியாக்குவது என்று நான்குக்கும் தனித்தனி டிக் உண்டு.

"பாதி" என்று ஏன் சொன்னேன் என்றால், இந்த செட்டிங் உங்கள் கணினிக்கு மட்டும்தான், ஃபைலோடு போகாது. பக்கத்து மேசையில் இருப்பவர் அதே சிஎஸ்வியைத் திறந்தால் அவருக்குப் பழைய கதைதான். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் கோடோ இடைவெளியோ இருந்தாலும் தேதியாக மாறக்கூடும். எனவே நான் இன்றும் சொல்வது: அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று அமைத்துவிடுங்கள். சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து அங்கே வகையைத் தேர்ந்தெடுங்கள். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எண் எதுவும் எக்செலுக்கு எண்ணாகத் தெரியக் கூடாது.

8. சாஃப்ட்வேர்ல இருந்து எடுத்த சிஎஸ்வியில தமிழ்ப் பேரெல்லாம் கொச்சகொச்சன்னு வருது. டேட்டா போயிடுச்சா?

பெரும்பாலும் போகவில்லை, நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் சரியாகத் தெரிந்தால் ஃபைல் நல்ல ஃபைல்தான். எக்செல் அதை யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் முறை) என்று அடையாளம் காணாமல், பழைய ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்திருக்கிறது. 7-ஆம் பதிலில் சொன்ன டேட்டா மெனு வழியே இதற்கும் போங்கள், எழுத்து வகை கேட்கும் இடத்தில் 65001 யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் அனுப்பும்போது "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்ற வகையில் சேமித்தால் எதிரில் இருப்பவருக்கு இந்தச் சிக்கல் வராது.

கொச்சகொச்சவென்று திறந்த நிலையில் மட்டும் சேவ் கொடுத்துவிடாதீர்கள், அப்போதுதான் உண்மையிலேயே போகும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் காலத்து ஃபைல்கள் வேறு வகை. அவற்றில் உள்ளே இருப்பதே யூனிகோடு தமிழ் இல்லை, எழுத்துருவுக்கேற்ற மாற்றி கொண்டு மாற்றித்தான் ஆக வேண்டும்.

9. எங்க ஃபைல்ல பத்து லட்சம் வரிசை தாண்டிடுச்சு. புது எக்செல்ல எல்லை கூட்டியிருக்காங்களா?

இல்லை. 10,48,576 வரிசை என்பது எக்செல் 2007-இல் வந்தது, இன்றும் அதுதான். அதற்கு முந்தைய எக்ஸ்எல்எஸ் வகையில் 65,536 மட்டுமே. இந்தப் பழைய வகையை இன்னும் பல சாஃப்ட்வேர்கள் வெளியே தருகின்றன, அங்கேதான் ஆபத்து. 2020-இல் இங்கிலாந்தில் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா தொற்றுகள் தினசரி எண்ணிக்கையில் சேராமல் போயின. ஆய்வகங்கள் அனுப்பிய பட்டியலை எக்ஸ்எல்எஸ் ஃபைலில் ஏற்றியபோது, வரிசைகள் தீர்ந்ததும் மீதி விழுந்துவிட்டது. பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது, ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை தாமதமானது.

பத்து லட்சம் தாண்டினால் அது எக்செலில் திறந்து பார்க்கிற ஃபைல் இல்லை. எக்செலுக்குள்ளேயே இருக்கும் பவர் குவெரி வழியாகச் சுருக்கி, மாத வாரியாகவோ கிளை வாரியாகவோ கூட்டி எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் எஸ்கியூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) தெரிந்தவர் என்றால் டக்டிபி என்ற டேட்டாபேஸைப் பாருங்கள். 2024 ஜூனில் அதன் 1.0 பதிப்பு வந்தது. சர்வர் எதுவும் வேண்டாம், சிஎஸ்வி ஃபைலை நேரடியாக டேபிள் மாதிரி கேள்வி கேட்கலாம். இந்த அளவு வேலைக்கு எனக்கு மிகவும் பிடித்த கருவி அது.

10. மெயில்ல வந்த ஃபைல்ல மேக்ரோ ஓட மாட்டேங்குது. "எனேபிள்" பட்டனே காணோம்!

2022 முதல் நெட்டிலிருந்து வந்த ஃபைல்களில் மேக்ரோக்களை ஆபீஸ் தானாகவே தடுக்கிறது. முன்பு ஒரு மஞ்சள் பட்டையில் பட்டன் இருந்தது, அதை யோசிக்காமல் அமுக்கியே பலர் மாட்டிக்கொண்டார்கள். அனுப்பியவர் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர், அவரிடம் போனில் கேட்டும் விட்டீர்கள் என்றால், ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் அன்பிளாக் டிக் போடுங்கள். எல்லாக் கணினியிலும் இந்தத் தடையை மொத்தமாக நீக்கித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். அதை நான் செய்து தருவதில்லை.

11. எக்செல்லேயே ஏஐ, பைதான் எல்லாம் வந்துடுச்சாமே. கணக்கு அதுவே போட்டுடுமா?

இரண்டும் வேறு வேறு. பைதான் ஒரு நிரல் மொழி, எக்செலுக்குள் அது 2023-இல் அறிமுகமாகி 2024-இல் அலுவலகச் சந்தாக்களுக்குப் பொதுவாகத் திறந்தது. அது நீங்கள் எழுதும் நிரலை அப்படியே ஓட்டும், ஒரே கேள்விக்கு ஒரே விடை. ஆனால் ஓடுவது உங்கள் கணினியில் இல்லை, மைக்ரோசாஃப்ட் சர்வரில். நெட் இல்லாவிட்டால் கணக்கு ஓடாது. வாடிக்கையாளர் விவரம் வெளியே போகக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.

ஏஐ என்று சொல்வது கோபைலட் ஃபங்ஷனை, அது 2025 ஆகஸ்டில் வந்தது. செல்லுக்குள் சாதாரண வாக்கியத்தில் கேட்கலாம். நூறு வாடிக்கையாளர் கருத்துகளை "புகார், பாராட்டு, சந்தேகம்" என்று பிரிக்க அது நன்றாக உதவும். எண் கணக்குக்கு வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டே, துல்லியமும் திரும்பச் செய்தால் அதே விடையும் தேவைப்படும் வேலைகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. ஆடிட்டருக்குப் போகும் ஃபைலில் இந்த ஃபங்ஷன் இருக்கவே கூடாது.

12. ஆக்சஸை நிறுத்திட்டாங்கன்னு சொன்னாங்க. எங்க ஸ்டாக் எல்லாம் அதுலதான் இருக்கு!

நிறுத்தவில்லை. நிறுத்தியது ஆக்சஸ் வெப் ஆப் என்ற இணைய வடிவத்தை, 2018-இல். கணினியில் ஓடும் ஆக்சஸ் தொடர்கிறது, 2024 பதிப்பும் வந்திருக்கிறது.

ஒரு ஃபைல் 2 ஜிபிக்கு மேல் போகாது என்ற எல்லை மட்டும் மாறவில்லை. ஒன்றரை ஜிபியை நெருங்கினாலோ ஒரே நேரத்தில் பத்துப் பேர் அடிக்க ஆரம்பித்தாலோ, டேபிள்களை மட்டும் மைக்ரோசாஃப்ட்டின் பெரிய டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்புக்கு மாற்றிவிட்டு, பழகிய ஆக்சஸ் திரைகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்பிரஸ் இலவசம். 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் எல்லை, 2025 நவம்பரில் வந்த எஸ்கியூஎல் சர்வர் 2025-இல் அதை 50 ஜிபி ஆக்கியிருக்கிறார்கள். சிறு நிறுவனங்களுக்கு அந்தப் பதிப்பில் வந்த பெரிய வரம் இதுதான் என்பேன், மற்ற ஏஐ வசதிகள் எல்லாம் அப்புறம்தான். பழைய 2016 சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஆதரவு 2026 ஜூலை 14 வரைதான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

13. எங்க வெப்சைட்டு மைஎஸ்கியூஎல் 8.0. ஹோஸ்டிங்காரர் 8.4-க்கு மாத்தணும்ங்கிறார். மாத்தினா உடையுமா?

வெப்சைட்டின் தகவல்கள் இருக்கும் டேட்டாபேஸ் இது, மாற்றத்தான் வேண்டும். 5.7-இன் ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்தது, 8.0-க்கு 2026 ஏப்ரல் வரை. 8.4 நீண்ட கால ஆதரவுப் பதிப்பு, 2024 ஏப்ரலில் வந்தது. 9 என்று எண் இருக்கிறதே, பெரிய எண்தானே நல்லது என்று 9.0-க்குத் தாவ வேண்டாம், அது புது வசதிகளைச் சோதித்துப் பார்க்கும் வரிசை.

உடைகிற இடம் பெரும்பாலும் லாகின்தான். மைஎஸ்கியூஎல்லின் பழைய நேட்டிவ் பாஸ்வேர்டு முறை 8.4-இல் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும், 9.0-இல் நீக்கியே விட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய பிஎச்பி நிரல் அந்த முறையில் உள்ளே நுழைகிறது என்றால், மாற்றிய நிமிடத்தில் "அனுமதி இல்லை" என்று நிற்கும். மாற்றுவதற்கு முன் யூசர் டேபிளைத் திறந்து, எந்தெந்தப் பயனர்கள் பழைய முறையில் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்து, அவர்களை முதலில் புதிய முறைக்கு மாற்றுங்கள்.

கையோடு எழுத்து வகையையும் பாருங்கள். பழைய டேபிள்கள் யுடிஎஃப்8 என்ற பெயரில் மூன்று பைட் வரைதான் வைத்துக்கொள்ளும். நாம் அன்றாடம் எழுதும் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட், எனவே தமிழ் தப்பித்தது. இமோஜிக்கு நான்கு வேண்டும். 2019-இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி, காணி போன்ற பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்கு பைட்தான். கோயில் கல்வெட்டு, பழைய நில ஆவணம் பதிவு செய்கிறவர்கள் யுடிஎஃப்8எம்பி4 வகைக்கு மாறாமல் அவற்றைச் சேமிக்கவே முடியாது.

14. போஸ்ட்கிரெஸ் வருஷா வருஷம் புது பதிப்பு விடுது. ஒவ்வொண்ணுக்கும் மாறணுமா?

வேண்டாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. 13-ஆம் பதிப்புக்கு 2025 நவம்பரில் முடிந்தது. இரண்டு மூன்று பதிப்புக்கு ஒருமுறை மாறினால் போதும். ஆனால் 16.3-இலிருந்து 16.4 போன்ற சிறு மாற்றங்களைத் தள்ளிப்போடாதீர்கள். அவற்றில் வசதி எதுவும் சேராது, பிழைத் திருத்தம் மட்டுமே. டேட்டாவை இறக்கி ஏற்ற வேண்டியதில்லை, நிறுத்தித் தொடங்கினால் போதும்.

2025 செப்டம்பரில் வந்த 18-இல், டிஸ்கிலிருந்து படிக்கும்போது ஒன்று முடியும்வரை காத்திருக்காமல் பலவற்றை ஒன்றாகக் கேட்டுப் பெறும் முறை வந்திருக்கிறது. பெரிய டேபிள்களை முழுதாகப் படிக்கும் ரிப்போர்ட்டுகளுக்கு இது பலன் தரும். பதிப்பு மாற்றிய பின் டேட்டாபேஸ் சில மணி நேரம் மந்தமாக இருக்கும் பழைய தொல்லையும் குறையும், ஏனென்றால் டேபிள் புள்ளிவிவரங்களை 18 தன்னோடு எடுத்துவருகிறது.

15. பேர்ப் பட்டியலை அகர வரிசையில கேட்டா கனிமொழி முதல்ல வந்து, கபிலன் அப்புறம் வர்றார். ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது இதுதான். வாக்காளர் பட்டியல், மாணவர் பதிவேடு, நூலக அட்டவணை எல்லாமே தமிழ் வரிசையில் நிற்க வேண்டியவை. யூனிகோடில் ன என்பதற்கு ந-வுக்கு அடுத்த எண்ணும், ற-வுக்கு ர-வுக்கு அடுத்த எண்ணும், ஜ-வுக்கு ச-வுக்குப் பிந்தைய எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் இப்படி வரும்: கனிமொழி, கபிலன், கமலா, கயல்விழி, கவிதா. நம் அகராதி முறைப்படி ன மெய்களில் கடைசி. எனவே வர வேண்டியது: கபிலன், கமலா, கயல்விழி, கவிதா, கனிமொழி. ஜெயாவும் சரவணனுக்குப் பக்கத்தில் நிற்காமல் பட்டியலின் இறுதிக்குப் போவார்.

எண் வரிசையா மொழி வரிசையா என்பதை முடிவு செய்வது கொலேஷன் என்ற செட்டிங். மைஎஸ்கியூஎல்லில் பழைய "ஜெனரல்" கொலேஷன் எண் வரிசையில் அடுக்கும், 8.0 முதல் இயல்பாக வரும் கொலேஷன் யூனிகோடு வரிசை விதிப்படி அடுக்கும். போஸ்ட்கிரெஸில் ஐசியு (பல மொழிகளின் வரிசை விதிகள் கொண்ட நிரல் தொகுப்பு) வழியாகத் தமிழுக்கான கொலேஷன் இருக்கிறது, 15-ஆம் பதிப்பு முதல் முழு டேட்டாபேஸுக்கே அதை இயல்பாக வைக்கலாம். மொபைல் ஆப்களில் வரும் எஸ்கியூலைட் டேட்டாபேஸ் இயல்பாக எண் வரிசைதான். மொபைல் ஆப் செய்கிறவர்கள் இதை மறந்துவிடுவதால்தான் போனில் ஒரு வரிசையும் சர்வரில் வேறு வரிசையும் வருகிறது.

16. சர்வர்ல லினக்ஸ் மட்டும் புதுசாக்கினோம், போஸ்ட்கிரெஸைத் தொடவே இல்ல. இப்போ இருக்குற ஆளையே "இல்லை"ங்குது!

15-ஆம் பதிலில் சொன்ன வரிசை விதிதான் காரணம். ஐசியு வைக்காத டேட்டாபேஸில் போஸ்ட்கிரெஸ் அந்த விதியை லினக்ஸின் ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல் தொகுப்பிடமிருந்து பெறுகிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த விதியைப் பெருமளவு மாற்றியது. உபுண்டு 18.04-இலிருந்து 20.04, டெபியன் 9-இலிருந்து 10, ரெட்ஹேட் 7-இலிருந்து 8 என்று தாவும்போது இந்த எல்லையைக் கடக்கிறீர்கள். இன்டெக்ஸ் (வேகமாகத் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் அட்டவணை) பழைய வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது, தேடுவது புது வரிசையில். இருக்கிற பெயர் கிடைக்காது. அதைவிட மோசம், ஒரே பெயர் ஒருமுறைதான் வரலாம் என்ற கட்டுப்பாடு இருந்தும் இரண்டாவது பதிவு நுழைந்துவிடும்.

டெக்ஸ்ட் நெடுவரிசைகளில் உள்ள இன்டெக்ஸ்களை ரீஇன்டெக்ஸ் செய்யுங்கள், அதற்கு முன் இரட்டைப் பதிவுகளைத் தேடி எடுங்கள். "கொலேஷன் பதிப்பு பொருந்தவில்லை" என்று எச்சரிக்கை வந்தால் தள்ளிவிடாதீர்கள். 17-ஆம் பதிப்பு முதல் லினக்ஸைச் சாராத உள்ளமைந்த கொலேஷன் உண்டு. புது டேட்டாபேஸ்களுக்கு நான் அதை இயல்பாக வைத்து, அச்சுக்குப் போகும் பட்டியலில் மட்டும் தமிழ் கொலேஷனைக் கேட்கிறேன். இன்டெக்ஸ் எந்தக் காலத்திலும் குலையாது, பட்டியலும் சரியாக வரும்.

17. எஸ்எஸ்ஆர்எஸ் ரிப்போர்ட் நூத்துக்கணக்குல வச்சிருக்கோம். எல்லாத்தையும் பவர் பிஐ-ல திரும்பப் போடணுமா?

அவசரம் இல்லை. எஸ்கியூஎல் சர்வர் 2025-ஓடு, ரிப்போர்ட் தரும் கருவியான எஸ்எஸ்ஆர்எஸ்ஸின் புதிய பதிப்பு வரவில்லை, அதன் இடத்தில் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர் வந்திருக்கிறது. ஆனால் எஸ்எஸ்ஆர்எஸ் 2022-க்கு 2033 ஜனவரி 11 வரை ஆதரவு உண்டு. எஸ்எஸ்ஆர்எஸ்-இல் செய்த பழைய ஆர்டிஎல் வகை ரிப்போர்ட்டுகளைப் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வரும் ஓட்டும். உங்கள் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இணையத்தில் பகிரும் பவர் பிஐ வேறு. டெஸ்க்டாப் இலவசம், ரிப்போர்ட்டை மற்றவர்களோடு பகிர புரோ உரிமம் வேண்டும். அதன் விலை 2025 ஏப்ரலில் ஆளுக்கு மாதம் 10 டாலரிலிருந்து 14 ஆனது. அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று "பப்ளிஷ் டு வெப்" அமுக்காதீர்கள். அந்த இணைப்பு கிடைத்த யாரும் லாகின் இல்லாமல் உங்கள் விற்பனைக் கணக்கைப் பார்க்கலாம்.

18. புதுசு போட்டுட்டு சரிவரலைன்னா பழசுக்கே திரும்பிடலாம்தானே?

ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி. எக்செல் ஃபைல் பழையதிலும் திறக்கும், 3-ஆம் பதிலில் சொன்ன மாதிரி புது ஃபார்முலாக்கள் மட்டும் செத்துவிடும். எஸ்கியூஎல் சர்வரில் வழி இல்லை: புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் ரீஸ்டோர் செய்யவே முடியாது. மாற்றுவதற்கு முன் பழையதில் எடுத்த பேக்கப்தான் உங்கள் ஒரே பாலம், அதற்குப் பிறகு அடித்த பில்களைக் கையால்தான் ஏற்ற வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் 8.4 தொட்ட டேட்டா கோப்புறையை 8.0 திறக்காது, டம்ப் (முழு டேட்டாவின் எழுத்து நகல்) எடுத்து ஏற்றித்தான் திரும்ப வேண்டும்.

போஸ்ட்கிரெஸில் பதிப்பு மாற்றும் கருவியான பிஜி-அப்கிரேடை, ஃபைல்களை நகலெடுக்காத லிங்க் முறையில் ஓட்டினால் வேகமாக முடியும். ஆனால் புது சர்வரை ஒருமுறை தொடங்கிவிட்டால் பழையதைப் பாதுகாப்பாகத் தொடங்க முடியாது. இடம் இருந்தால் காப்பி முறையிலேயே ஓட்டுங்கள். 18-க்குப் போகிறவர்களுக்கு இன்னொரு தடங்கல் காத்திருக்கிறது: புதிதாக உருவாக்கும் கிளஸ்டரில் (சர்வரின் டேட்டா கோப்புறை) செக்சம் (டேட்டா கெட்டால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) இப்போது இயல்பாகவே போடப்பட்டிருக்கும். பழையதில் அது இல்லையென்றால் இரண்டும் பொருந்தவில்லை என்று பிஜி-அப்கிரேட் நின்றுவிடும். பழைய சர்வரை நிறுத்திவிட்டு பிஜி-செக்சம்ஸ் கொண்டு அதில் செக்சத்தைப் போட்டுவிட்டுத் தொடருங்கள். டேட்டா பெரிதாக இருந்தால் இதற்கே கணிசமான நேரம் பிடிக்கும், அதையும் சேர்த்து இரவு வேலையைத் திட்டமிடுங்கள்.